செவ்வாய்க்கிழமை மாலை டூட்டி

அந்த அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரே பக்கம். கீழே மேனேஜரின் கையெழுத்து, அதன் மேல் ஆஸ்பத்திரியின் முத்திரை. அடையாறில் நான் வேலை பார்க்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பின்வாசலில், ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் கைரேகை வைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. நாலு மூலையிலும் குண்டூசி குத்தி அறிவிப்பை நான் அந்தப் பலகையில் மாட்டியபோது மதியம் ஒன்றே முக்கால் மணி. காலை டூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் மதிய டூட்டிக்கு வருகிறவர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கும் நேரம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது மாடி அக்கா கையில் டிபன் பையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் அவள். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா சார் இது?” என்று மட்டும் கேட்டாள்.

வார்டு அட்டெண்டர்களுக்கு யார் யார் எந்த நாளில் எந்த நேரம் வர வேண்டும் என்று மாதாமாதம் பட்டியல் போடுவது என் வேலை. டூட்டி சார்ட் என்போம். பதினைந்து வருஷமாக அதையே செய்துவந்தேன். அக்காவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது; நாற்பதைத் தாண்டியிருந்தோம். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்காதான், எனக்கும்தான். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது, ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, மலச்சட்டி வைப்பது என்று எல்லாவற்றையும் பேசிக்கொண்டே செய்வாள். ஆபரேஷன் முடிந்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களிடம், “வூட்ல இன்னிக்கு இன்னா கொழம்பு வச்சிருப்பாங்க, சொல்லு பாக்கலாம்” என்பாள். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் விரிப்பு மாறியிருக்கும்.

பதினாறு வருஷமாக அவளுக்குக் காலை டூட்டி மட்டுமே. ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. அவள் பெயருக்கு நேரே மாதம் முழுவதும் ‘கா’ என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிப் போட்டிருந்தார், நானும் போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் மனைவி மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இருவரும் காலையில் ஒன்றாகக் கிளம்பி, மாலை ஆறு மணிக்கு ஒன்றாகக் காபி குடிக்கிறவர்கள். ஒரு நாளின் மணிகளை யார் யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

அறிவிப்பில் இருந்த புதிய ஏற்பாடு இதுதான். இனிமேல் மூன்று வேளை டூட்டி கிடையாது. எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், எட்டிலிருந்து எட்டு வரை. அடுத்த வாரம் அதே போல இரவு. வாரத்துக்கு நாலு நாள் வந்தால் போதும், மூன்று நாள் விடுமுறை. புதிதாக வந்திருந்த மேனேஜர் இதை நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். டூட்டி மாறும்போதெல்லாம் ஒரு குழப்பம் நடக்கிறது, மூன்று முறை மாறுவது இரண்டு முறையாகக் குறைந்தால் நோயாளிகளுக்கு நல்லது என்பது அவர் கணக்கு. “எல்லாருக்கும் ஒரே மாதிரி. யாருக்கும் சலுகை இல்ல, யாருக்கும் அநியாயம் இல்ல” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பட்டியல் போடுவது சுலபமாகிவிடும் என்ற சந்தோஷமும் இருந்தது.

பலகையைப் படித்தவர்களில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள் என்பதும் உண்மை. முக்கியமாக எங்கள் பெரியம்மா. அட்டெண்டர்களிலேயே மூத்தவள், பெசன்ட் நகர் பக்கம் குடியிருப்பவள், கணவர் இல்லை. பெரியம்மா என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்ப்பாள். “மூணு நாள் லீவா? மவ வூட்டுக்குப் போய் பேரப்புள்ளைங்கள பாத்துட்டு வரலாமே” என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னாள். அக்கா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டூட்டி முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவளுக்கு ஒரே மகள், பதினேழு வயது. பிறந்ததிலிருந்தே நடக்க வராது. பேச்சு குழறும், தாய்க்கும் தகப்பனுக்கும் நன்றாகப் புரியும். எப்போதாவது வலிப்பு வரும். கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். கணவர் கே.கே. நகரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் அடுப்பு பற்ற வைத்தால் நடுச்சாமம் வரை வேலை. முன்பு ஆற்றோரக் குடிசையில் இருந்தபோது அவளுக்கு ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். அரசாங்கம் அங்கிருந்து எடுத்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்த பிறகு பஸ் ஏறி வருகிறாள். விடியும் முன் முதல் பஸ்ஸில் அவள் கிளம்பும்போது கணவர் மகள் பக்கத்தில் படுத்திருப்பார். மூன்றேகாலுக்கு அவள் வீட்டுக்குள் கால் வைத்தால், மூன்றரைக்கு அவர் வெளியே போவார்.

“எங்க வூட்லயும் டூட்டி மாத்தறதுதான் சார்” என்றாள். “அந்தக் கால் மணி நேரம்தான் நானும் அவரும் மூஞ்சி பாத்துக்கறது. நீ சொல்ற பகல் டூட்டி போட்டாக்கா, அவரு மூணரைக்குப் போய்டுவாரு, ராத்திரி பஸ்ஸுக்கு நின்னு நான் வர்றதுக்கு பத்து மணி ஆவும். நைட்டு போட்டாலும் அதே கததான். நடுவுல புள்ள யார்கிட்ட இருக்கும்?”

“மூணு நாள் லீவு வருதே அக்கா” என்றேன். அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய பரிசு கொடுப்பவன் மாதிரி சொன்னேன்.

“மூணு நாளு வச்சிக்கினு இன்னா பண்றது? மத்த நாலு நாளும் அவ உயிரோட இருக்கணுமே.” கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பது போல் சாதாரணமாகச் சொன்னாள். மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் பேசவில்லை. ஒருவருக்கு விலக்கு கேட்டால் பத்துப் பேர் கேட்பார்கள், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதி புதிய சார்ட் நடைமுறைக்கு வந்தது. அக்கா வந்தாள். எதிர்வீட்டில் இருந்த ஒரு பெண்ணைக் கெஞ்சி மகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தாள். முதல் மூன்று நாள் எப்படியோ ஓடியது. மூன்றாவது மாடியில் எனக்கு வேலை இருந்தபோது பார்த்தேன், அக்கா பேச்சைக் குறைத்திருந்தாள். குழம்பைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. நாலரை மணியானால் இடுப்பில் செருகியிருந்த செல்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் நாள் சாயங்காலம் அந்த எதிர்வீட்டுப் பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். மகளுக்கு வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. அக்கா வார்டு சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, யூனிஃபார்ம் கூட மாற்றாமல் ஆட்டோ பிடித்துப் போனாள்.

மகளுக்கு ஆறு தையல். இதை நான் அறிந்தது மறுநாள் காலையில். அதே நாள் பத்து மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அனுமதியின்றி டூட்டியை விட்டுச் சென்றதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ அடிக்கச் சொன்னார். சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்பது எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தான். சொல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட வந்தாள். வழக்கம் போல் உதடு அசையப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் வைத்து நிறுத்தினாள்.

“சார், சொல்லாம போய்ட்டேன்னு போட்டுகீறியே. நான் சிஸ்டராண்ட சொல்லிட்டுதானே போனேன்?”

“மேனேஜர் சொன்னத அடிச்சேன் அக்கா.”

“அடிச்சது நீதானே சார்?”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சம்பளம் இல்லாத விடுப்பு ஒரு வாரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வேலையை விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடக்கும். ஒரு வார விடுப்பு என்று போகிறவர்கள், ஒரு மாதம் கழித்து வேறு யூனிஃபார்மில் வேறு எங்காவது கண்ணில் படுவார்கள். அன்று மாலை வீட்டில் காபி குடிக்கும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தெரிஞ்சும் ஏன் அடிச்சீங்க?” என்றாள். அக்கா கேட்டதே இன்னொரு வாயிலிருந்து வந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தாள். டிபன் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தாள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. இடது ஓரத்தில் மூன்றாவது மாடி அட்டெண்டர்கள் பன்னிரண்டு பேரின் பெயர். மேலே ஏழு கிழமைகள். கட்டங்களுக்குள் ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, பச்சை, கறுப்பு, அப்புறம் கல் வைத்த பெரிய பொட்டு. சில நேராக, பல கோணலாக. சில கட்டத்தைத் தாண்டிக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

“செவப்பு காலைல. பச்ச சாயங்காலம். கறுப்பு நைட்டு. கல்லு வச்சது பன்னெண்டு மணி நேரம்” என்றாள். “கோணயா கீதுன்னு பாக்காத. ஒட்டினது என் பொண்ணு. கைய அவ கண்ட்ரோலுக்குக் கொண்டாறதுக்கே ரெண்டு நிமிசம் ஆவும் ஒரு பொட்டுக்கு. நான் ஒட்டறேன்னா வுட மாட்டேன்னுட்டா.”

விடுப்பில் இருந்த அந்த வாரம் அவள் மற்ற பதினோரு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டிருக்கிறாள். எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் விசாரித்திருக்கிறாள்: எந்த நேரம் உனக்கு முடியவே முடியாது, எந்த நேரம் உனக்குப் பரவாயில்லை. பதினைந்து வருஷம் அவர்களுக்குப் பட்டியல் போட்ட எனக்குத் தெரியாத செய்திகள் எல்லாம் அந்தக் காலண்டர் தாளில் இருந்தன. ஆவடிக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒருவருக்கு நாலு நீள டூட்டிதான் வேண்டும், பயணம் மிச்சம். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இரவுதான் வசதி, அவள் அம்மா அப்போதுதான் வீட்டில் இருப்பாள். பெரியம்மாவுக்கு அவள் ஆசைப்பட்ட மூன்று நாள் விடுமுறை அப்படியே இருந்தது. நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும் ஆறு நாள் எட்டு மணி நேரம் என்றாலும் வாரத்துக்கு நாற்பத்தெட்டுதான். இரண்டையும் கலந்துகொள்ளலாம் என்பது கம்ப்யூட்டர் வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லையாம். “ஒம் பொண்ணுக்காக நான் ஏன் என் நேரத்த மாத்தணும்? கெடைச்ச லீவையும் கெடுக்கறியா?” என்று போனிலேயே சண்டை போட்டிருக்கிறாள். அக்கா அவளை விடவில்லை. “ஒன் லீவ யாரும் தொடல பெரிம்மா. எத்தினி நாளு வேணும், எந்த நாளு வேணும், நீயே சொல்லு, மொதல்ல ஒனக்குத்தான் ஒட்டறேன்” என்றிருக்கிறாள். அதனால் தாளில் முதல் வரிசை பெரியம்மாவுக்கு. நாலு கல் பொட்டுகள், சற்று நேராகவே இருந்தன.

அக்கா போனபிறகு அந்தத் தாளை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். எங்காவது தப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தப்பு இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஒரு ஆள் குறைந்தது. மறுநாள் அவளிடம் சொன்னேன்.

“தெரியும் சார்” என்றாள். “யாருக்கும் முடியாது அது. அத்த நான் எட்துக்கறேன். அன்னிக்குக் காலைல ஒரு ஆளு அதிகமாத்தான் கீது, நான் வாணாம், சாயங்காலம் வந்துர்றேன்.”

“அன்னிக்குப் பொண்ண யார் பாத்துப்பாங்க?”

“அவரு இருப்பாரு. செவ்வாக்கெழம அவுரு ஓட்டலு லீவு.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. வாரத்தில் அவர்கள் மூவரும் சாயங்காலத்தில் ஒன்றாக வீட்டில் இருக்கக்கூடிய ஒரே நாள் அது. பன்னிரண்டு பேரில் மற்ற எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஓட்டையைத் தன் வீட்டை வைத்து அடைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “வுடு சார். வேல இருந்தாதானே வூடு” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அந்தத் தாளோடு மேனேஜரின் அறைக்குப் போனேன். பதினைந்து வருஷத்தில், கூப்பிடாமல் ஒரு மேனேஜரின் அறைக்குள் போனது அதுவே முதல் தடவை. முதலில் மெமோ விஷயத்தைச் சொன்னேன். அவள் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், அது எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே அடித்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “இத அன்னிக்கே ஏன் சொல்லல?” என்றார். பயம் என்று சொல்லாமல், தப்புதான் சார் என்றேன். பிறகு தாளை விரித்தேன். பொட்டுகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கறதுதான் நியாயம்னு நான் நெனைக்கறேன்” என்றார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். ஆனா வீடு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையே” என்றேன்.

அவர் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாவது மாடியில் மட்டும், ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் ஒரு வேளை, ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும், மறுநாளிலிருந்து எல்லோரும் புதிய முறைக்கு வந்துவிட வேண்டும். மெமோவைத் திரும்பப் பெற்றார். அதற்கான கடிதத்தையும் என்னையே அடிக்கச் சொன்னார். அவளிடம் அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “இதுல எயுத்து நல்லா கீது சார்” என்றாள். மன்னிப்பு என்று நான் எதையும் கேட்கவில்லை. அவளும் கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மேசைக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள்.

அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பெரும்பாக்கம் பக்கம் சாலையில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை. வேளச்சேரி வழியும் அடைத்துவிட்டது. மழை வலுக்கத் தொடங்கிய சாயங்காலமே அக்கா தன் மாடிக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்திருக்கிறாள். யார் பக்கத்தில் இருக்கிறீர்கள், யாரால் நடந்து வர முடியும், யார் இடத்துக்கு யார். ஆவடிக்காரரை அன்று வீட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தாள். கடைசியில் மிஞ்சியது அவளுடைய காலை டூட்டிதான். அதற்கு வர அவளால் முடியாது. பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

பெரியம்மாவுக்கு அன்று விடுமுறை. சண்டை போட்டு வாங்கிய விடுமுறைகளில் ஒன்று. இந்த உரையாடலைப் பெரியம்மாவே பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினாள். “‘பெரிம்மா, என்னால வர முடியல, தண்ணி மாடிப்படி வரைக்கும் நிக்குது’ங்கறா. அழுவாளோன்னு பாத்தேன். அழுவல. ‘காலியா வுட்டா எல்லாம் போய்டும் பெரிம்மா’ங்கறா. எனக்கு இன்னாமோ ஆய்ப்போச்சு. ‘சரி, கத்தாத, போன வையி’ன்னுட்டேன்.” ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பெரியம்மா பின்வாசலில் கைரேகை வைத்தாள். விரல் ஈரமாக இருந்ததால் இயந்திரம் மூன்று முறை ஏற்க மறுத்தது. நாலாவது முறை ஏற்றது.

அன்று எட்டு மணிக்கு மற்ற மாடிகளில் பாதிப் பேர் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் முடித்தவர்கள் மாற்று ஆள் இல்லாமல், வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜர் தானே ஒவ்வொரு மாடியாக ஏறினார். நானும் பின்னால் போனேன். மூன்றாவது மாடியில் இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். விரிப்புகள் மாறியிருந்தன. பெரியம்மா ஒரு வயதானவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் வாசலில் சற்று நேரம் நின்றார். மாடிப்படி இறங்கும்போது, “அந்தப் பொட்டு சார்ட்ட ரெண்டாவது மாடிக்கும் போட முடியுமா பாருங்க” என்றார்.

போட்டோம். நான் போடவில்லை, அந்த மாடிக்காரர்களே ஒருவரையொருவர் கேட்டுப் போட்டார்கள். ஓட்டைகளை மட்டும் நான் காட்டினேன். அதற்குப் பிறகு முதல் மாடியும் சேர்ந்துகொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றுவரை பன்னிரண்டு மணி நேரச் சுழற்சிதான். அங்கே அதை மாற்ற முடியவில்லை. இப்போது ஏதோ ஒரு மென்பொருள் வரப்போகிறது, பட்டியலை அதுவே போட்டுவிடும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் மறுபடியும் ஒரு மல்லுக்கட்டு இருக்கும். முன்பு இத்தகைய செய்தி வந்தால், என் வேலை போய்விடுமா என்று மட்டும் யோசித்திருப்பேன். போன வாரம் மேனேஜரிடம் போய், அந்த மென்பொருளில் ‘முடியாத நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டா என்று விசாரிக்கச் சொன்னேன். இந்தத் தடவையும் அவர் கூப்பிடாமல்தான் போனேன்.

அக்காவின் செவ்வாய்க்கிழமை மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதமும் அவள் பெயருக்கு நேரே அந்த மாலையைப் போடும்போது கை சற்றுத் தயங்கும். ஒரு நாள் பெரியம்மா என் மேசைக்கு வந்தாள். நின்றபடியே, சண்டைக்கு வந்தவள் போல் சொன்னாள்: “மாசத்துல ஒரு செவ்வாக்கெழம சாயங்காலம் எனக்குப் போடு. அவளுக்கு அன்னிக்கு லீவு போடு. நான் சொன்னேன்னு அவளாண்ட சொல்லாத, ரொம்ப ஆடுவா.” நான் சொல்லவில்லை. ஆனால் சார்ட் ஒட்டிய அன்றே அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெரியம்மாவே மூன்று பேரிடம் சொல்லியிருந்தாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். மனைவியோடு திருவான்மியூர் கோயிலுக்குப் போய்விட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே சக்கர நாற்காலி ஒன்று மணலில் இறங்க முடியாமல் நடைபாதை ஓரத்தில் காலியாக நின்றது. பக்கத்தில் செருப்பு மூன்று ஜோடி. சற்றுத் தள்ளி, பழக்கமான ஒரு குரல். அக்காவை யூனிஃபார்ம் இல்லாமல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மஞ்சள் புடவையில், தலை நிறையப் பூவோடு இருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார், என்றைக்கு அவருக்கு விடுமுறை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். முகம் மட்டும் தெரியாது. மகளை முதுகில் சுமந்துகொண்டு அலையோரம் நின்றிருந்தார். மாவு பிசைந்து பிசைந்து பருத்த தோள்கள். அந்தப் பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பழைய தையலின் தழும்பு, அதற்குக் கீழே கல் வைத்த பொட்டு. “நீதான் சார்ட் போடற சாரா?” என்றார் அவர். வணக்கம் சொல்லக் கை இரண்டும் காலியாக இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கடற்கரைக் கடையில் வாங்கிய பரோட்டாவைப் பற்றிப் பத்து நிமிஷம் குறை சொன்னார். அது பரோட்டாவே இல்லையாம், பிய்க்க வராத வேட்டியாம். என் மனைவி சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அலை வந்து மகளின் தொங்கும் கால்களில் பட்டது. அவள் கூவினாள். அப்போது அக்காவின் செல்போன் அடித்தது, பெரியம்மா, வார்டிலிருந்து. மகள் கையை நீட்டி, போனைத் தன் காதில் வைக்கச் சொன்னாள். அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். “இன்னாடி, தண்ணில எறங்கிட்டியா?” என்ற பெரியம்மாவின் குரல் காற்றையும் மீறிக் கேட்டது. அந்தப் பெண் மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினாள். எனக்கே அது தெளிவாகப் புரிந்தது.

“பெரிம்மா… தண்ணி… ஜில்லுனு கீது.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. அக்கா பதறிப்போய்ப் போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். “டூட்டில போன் பேசாத பெரிம்மா, வச்சிரு. சார் இங்கதான் கீறாரு” என்று கிசுகிசுத்தாள்.

நான் காதில் விழாதவன் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.